நூற்றுக்கட்டை அவிழ்த்த கை

எங்கள் கல்வி வலயத்தின் கணித தின மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சென்ற மாதம் ஓர் இளம் ஆசிரிய ஆலோசகர் வீட்டுக்கு வந்தார். என்னிடம் படித்த பிள்ளைதான். இப்போது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், கணிதத்தை எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

"விளையாட்டாலையும் பொருளாலையும் கணிதம் படிப்பிக்கிறதெண்டு இப்பதான் எல்லாரும் கதைக்கினம் ரீச்சர். நீங்கள் முப்பது வருசத்துக்கு முதலே செய்தனீங்கள். அதை எழுதித் தாங்கோ. அட்டைக்கு அந்தப் படத்தைப் போடுவம்."

"எந்தப் படம்?" என்றேன். தெரியாமல் கேட்கவில்லை.

"ஈர்க்குக் கட்டுக்கு முன்னாலை ஒரு பிள்ளை குனிஞ்சிருக்கிற படம். ஆசிரியர் கைந்நூலிலை வந்தது. எங்கடை ஆசிரியர் வளநிலையத்துச் சுவரிலையும் கிடக்கு. மூலப்படம் உங்களிட்டை இருக்குமெண்டு சொன்னவை."

இருக்கிறது. அலுமாரியின் அடித்தட்டில், ஓய்வூதியக் கடதாசிகளுக்குக் கீழே. கட்டுரை எழுதுகிறேன், படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். பிறகு என்று சொன்னதை இப்போது சொல்கிறேன்.

ஆசிரிய கலாசாலையில் கழித்த இரண்டு வருடங்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பது திங்கட்கிழமைச் சோதனை. எங்கள் விரிவுரையாளர் கைப்பையைத் திறந்து காட்டச் சொல்வார். வாரம் முழுவதும் வழியில் பொறுக்கியது என்ன என்று பார்ப்பார். சோடா மூடி, புளியங்கொட்டை, உடைந்த பித்தான், எது இருந்தாலும் சரி. வெறும் பையோடு வந்தவளுக்கு அன்று பதினேழாம் வாய்ப்பாடு. கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்கும் புத்தி அங்கே தொற்றியதுதான். இன்றைக்கும் தெருவில் மூடி கிடந்தால் குனிகிறேன், முழங்கால்தான் விடுகிறதில்லை.

முதல் நியமனம் யாழ்ப்பாணத்துப் புத்தூரில். சவர்க்காரத் துண்டைச் சீவிப் பகடைக்காய் செய்து, இரண்டை உருட்டிக் கூட்டும் விளையாட்டொன்றை மூன்றாம் வகுப்புக்குப் பழக்கினேன். மூன்றாம் நாள் ஒரு தகப்பன் வெங்காயத் தோட்டத்துச் சேற்றுக் காலோடு வகுப்புக்கே வந்துவிட்டார்.

"படிக்க அனுப்பினால் சூது பழக்கிறியளோ ரீச்சர்? உருட்டின குடும்பம் ஏதும் உருப்பட்டிருக்கோ?"

அன்றோடு பகடையை விட்டேன். புளியங்கொட்டைகளில் இலக்கம் எழுதி ஒரு தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னேன். அவருக்குப் பரம திருப்தி. இரண்டும் ஒன்றுதான் என்று நான் அவருக்கு விளக்கப் போகவில்லை. யுத்த காலம் முழுவதும் இப்படித்தான் ஓடியது. கரும்பலகைக்குக் கரி பூசவே வழியில்லாத நாளில் ஈர்க்கும் கொட்டையும் கைகொடுத்தன. அதைப் பெரிய தியாகமாக யாரும் எழுதவேண்டாம். வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ஈர்க்குக் கட்டு என்று சொன்னேன், அதைச் செய்யும் முறையையும் எழுதிவைக்கிறேன். இப்போது கடையில் வண்ணப் பிளாஸ்டிக் குச்சி வருகிறது, ஆனால் இதற்கு ஈடில்லை. தென்னோலை ஈர்க்கை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டவேண்டும். நுனிப் பக்கம் வளையும், அதைத் தள்ளிவிடவேண்டும். ஒரு நாள் வெயிலில் காய்ந்த பிறகு பழந்துணியால் உரசிச் சிலும்பை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையின் விரலில் ஏறும். பத்து ஈர்க்குக்கு ஒரு றப்பர் வளையம். பழைய சைக்கிள் ரியூப்பைக் குறுக்கே நறுக்கினால் வளையம் வேண்டிய அளவு கிடைக்கும். அப்படிப் பத்துக் கட்டைச் சேர்த்து, இழுத்தால் அவிழும் சுருக்கில் கயிறு போட்டால் நூற்றுக்கட்டு. எண்ணுவதும் கட்டுவதும் பிள்ளையாகவே இருக்கவேண்டும். ஆசிரியர் கட்டிக் கொடுத்தால் பிள்ளைக்கு அது வெறும் விளக்குமாறு.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் பருத்தித்துறைக்குக் கிழக்கே கடற்கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. அங்கே ஒன்பதாம் வகுப்பில் வதனா இருந்தாள். உண்மைப் பெயர் வேறு. வன்னியில் இடம்பெயர்ந்தும் முகாமில் இருந்தும் மூன்று வருடப் படிப்பைத் தவறவிட்டவள். வயதுக்கு ஏற்ற வகுப்பில் விட்டிருந்தார்கள். தவணை தொடங்கியதும் நான் வைத்த சின்னச் சோதனையில் இருபதுக்கு இரண்டு எடுத்தாள்.

அவளுடைய தாளை நெடுநேரம் வைத்துப் பார்த்தேன். 403இலிருந்து 178ஐக் கழிக்கவேண்டும். 375 என்று எழுதியிருந்தாள். நான்கில் ஒன்று போக மூன்று. சைபரில் ஏழு போகாது, அதனால் ஏழில் சைபரைக் கழித்து ஏழு. மூன்றில் எட்டுப் போகாது, எட்டில் மூன்றைக் கழித்து ஐந்து. எல்லாக் கணக்கிலும் இதே பிழை. கவனமில்லாத பிள்ளை ஒரு கணக்குக்கு ஒரு பிழை விடும். இவள் ஒரே பிழையை ஒழுங்காக விட்டிருந்தாள். திருத்திவிடலாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

திருத்தத்தான் வேண்டியிருந்தது. கணிதம் சித்தியடையாவிட்டால் பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பு முடிந்தது. வதனாவுக்குத் தபால் கந்தோரில் வேலை பார்க்க ஆசை. அவளுடைய ஊரில் மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்து வேலை செய்யும் பெண் அந்தத் தபாலதிபர் ஒருவர்தான்.

இடைவேளைகளில் நூலக அறைக்கு வரச்சொன்னேன். நூறு நூறாக ஈர்க்கை அவளே எண்ணிக் கட்டினாள், ஐந்து நூற்றுக்கட்டுச் சேர்ந்தது. கூட்டல் ஒரு கிழமையில் வந்துவிட்டது. கழித்தலுக்கு வந்தோம். மேசையில் நாலு நூற்றுக்கட்டும் மூன்று தனி ஈர்க்கும்.

"மூண்டிலை எட்டுப் போகாது. பக்கத்திலை பத்தும் இல்லை, சைபர். அப்ப ஒரு நூற்றைத்தான் அவிழ்க்கவேணும். அவிழ் பாப்பம்."

கட்டைக் கையில் எடுத்தாள். கயிற்றின் நுனியைத் தொட்டாள். திரும்ப மேசையில் வைத்துவிட்டாள்.

"ஏன் பிள்ளை?"

"கட்டினதை அவிழ்க்கக்கூடாது ரீச்சர்."

"ஆர் சொன்னது?"

"அம்மா. ஓடித்திரிஞ்ச நேரம் எங்கடை மூட்டையை அவிழ்க்க விடமாட்டா. உடுப்பு வேணுமெண்டாலும் பக்கத்தாலை கையை விட்டுத்தான் எடுக்கிறது. ஒருநாள் அப்பா அவிழ்த்தவர். அண்டைக்குத்தான் செல் விழுந்தது."

தகப்பன் எறிகணைக்குப் பலியானதை அப்படித்தான் அறிந்தேன். மணி அடித்ததும் எழுந்தவள் கதவடியில் நின்றாள்.

"ரீச்சர், இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நான் ஈர்க்கு வைச்சுக் கணக்குச் செய்யிறதும் பெட்டையளுக்குத் தெரியக்கூடாது."

"ஓம், சொல்லமாட்டன்."

அதன் பிறகு மூன்று கிழமை கழித்தல் கணக்கே கொடுக்கவில்லை. நான் ஒரு கட்டை அவிழ்ப்பேன், அவள் எண்ணித் திரும்பக் கட்டுவாள். அவ்வளவுதான். அவிழ்ப்பது, கட்டுவது, எண்ணுவது. நாலாம் கிழமை ஒருநாள் கதவையே பார்த்துக்கொண்டு அவளாகக் கயிற்றை இழுத்தாள். பத்துக் கட்டும் மேசையில் உருண்டன. ஒரு பத்தின் வளையத்தைக் கழற்றி மூன்றோடு சேர்த்தாள், பதின்மூன்று. எட்டை எடுத்தாள், ஐந்து. மிச்சமிருந்த ஒன்பது பத்தில் ஏழை எடுத்தாள், இரண்டு. மூன்று நூற்றில் ஒன்றை எடுத்தாள், இரண்டு. 225. பிறகு எடுத்ததையெல்லாம் சேர்த்து நானூற்று மூன்றையும் திரும்ப எண்ணினாள்.

"ஒண்டும் குறையேல்லை ரீச்சர்," என்றாள்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினேன். அந்தத் தவணைச் சோதனையில் அவள் நூற்றுக்கு முப்பத்தொன்று எடுத்தாள். சாதாரணதரத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, கரைசேர்த்துவிடலாம் என்று நம்பினேன்.

கட்டு அவிழ்ந்த அன்று மாலையே நடந்ததெல்லாவற்றையும் என் பாடக்குறிப்பில் எழுதினேன். அவள் தகப்பனைப் பற்றிச் சொன்னதையும் வார்த்தை மாறாமல் எழுதினேன். எழுதுவது வேறு, சொல்வது வேறு என்று அப்போது நினைத்தேன் போலும். உண்மையில் பெருமை. இத்தனை வருடம் பொறுக்கிய மூடியையும் கொட்டையையும் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் பார்க்கட்டும் என்ற எண்ணம்.

பார்ப்பவர் ஒருவர் இருந்தார். கணிதத்துக்குப் பொறுப்பான உதவிப் பணிப்பாளர். குறிப்புகளைப் பக்கம் பக்கமாக வாசிக்கும் ஒரே அதிகாரி. மோட்டார்ச் சைக்கிளை நிழலில் விட்டு, கைலேஞ்சியை நாலாக மடித்துக் கதிரையில் விரித்து, அதன் மேல் இருப்பார். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பாடம் பிழை என்றால் "நல்லது" என்பார். சரி என்றால் பேசாமல் இருப்பார். எங்கள் வலயத்தில் "நல்லது" வாங்கிய ஆசிரியைகள் அழுதுகொண்டு போனதைக் கண்டிருக்கிறேன்.

என் குறிப்பை வாசித்து மூடியவர் நெடுநேரம் பேசவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது போல இருந்தது.

"உந்தப் பிள்ளையை வைச்சு ஒரு மாதிரிப் பாடம் செய்வம். வலயத்து ஆசிரியர்கள் எல்லாரும் பாக்கட்டும். கொழும்பிலையிருந்தும் வருவினம்."

"பிள்ளையைக் கேக்கவேணும் சேர்."

"கேளுங்கோ."

கேட்டேன். வதனா தலை குனிந்து நின்றாள். "ரீச்சர் சொன்னால் செய்யிறன்," என்றாள். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை ஆசிரியைக்கு மாட்டேன் என்று சொல்வதில்லை. வாயில் வராது. அவள் சொன்னதற்கு என்ன பொருள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டும் அதைச் சம்மதம் என்று எடுத்தேன்.

மாதிரிப் பாடம் என்றால் ஒத்திகை இல்லாமல் நடக்காது. வெளியில் சொல்லமாட்டோம், எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கும். விடை தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை உயர்த்தவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். வந்தவர்களுக்கு முழு வகுப்பும் கெட்டிக்கார வகுப்பாகத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் ஒரு படி மேலே போய், "கணக்கை மாத்தாதேங்கோ ரீச்சர், அந்த 403ஐயே வையுங்கோ, பிசகாது," என்றார். நாலு தரம் ஒத்திகை பார்த்தோம். நாலாம் தரம் நான் கேள்வியை முடிக்க முன்னமே அவளுடைய கை ஓடியது. ஈர்க்கைப் பார்க்காமலே எடுத்தாள். அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தேன். எதை ஒழிப்பதற்காக இத்தனை வருடம் கத்தினேனோ, அந்த மனப்பாடத்தை என் கையாலேயே அவளுக்கு ஊட்டியிருந்தேன்.

அன்று மண்டபத்தில் நாற்பது ஆசிரியர்கள். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் பாயில் இருந்தது. பாடத்துக்கு முன் உதவிப் பணிப்பாளர் என் குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசிக்கப் போகிறார் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. ஆனால் எழுந்து தடுக்க நேரம் இருந்தது. நான் எழும்பவில்லை. இருபதுக்கு இரண்டு என்று வாசித்தார். கட்டினதை அவிழ்க்கக்கூடாது என்று வாசித்தார். பிறகு அந்தத் தெளிவான, உயராத குரலில், ஒருநாள் அப்பா அவிழ்த்தவர், அண்டைக்குத்தான் செல் விழுந்தது என்று வாசித்தார். சில ஆசிரியைகள் கண்ணைத் துடைத்தார்கள். பாயில் இருந்த பிள்ளைகள் வதனாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் 403இலிருந்து 178ஐக் கழித்தாள். கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். கொழும்பிலிருந்து வந்தவர்களில் ஒருவர் இன்னொரு கணக்குக் கொடுத்தார். 502இலிருந்து 267. ஐந்து கட்டையும் இரண்டு ஈர்க்கையும் மேசையில் ஒழுங்காக வைத்தாள். பிறகு ஒன்றையும் அவிழ்க்காமல், ஒன்றையும் எடுக்காமல், தாளில் 225 என்று எழுதினாள். ஒத்திகை பார்த்த விடை.

சரியான விடை 235. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். மானம் போகிறதே என்று பதறி, அவளுடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டி நூற்றுக்கட்டின் சுருக்கை இழுத்தேன். அந்த நேரம்தான் படம் பிடித்தார்கள். குனிந்த தலை, ஈர்க்குக் கட்டு, அதை அவிழ்க்கும் ஒரு கை. கைந்நூலில் அதன் கீழே "பிள்ளை தானாகவே கண்டறிகிறது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கையில் ஒரு மணிக்கூடு இருப்பதை இத்தனை வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லை. மணிக்கூடு கட்டின கை என்னுடையது.

போகும்போது உதவிப் பணிப்பாளர் என்னைப் பார்த்து "நல்லது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு "நூற்றுக்கட்டு" என்று பட்டம் விழுந்தது. பிள்ளைகள்தானே, இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஒருத்தி, "உன்ரை கொப்பர் மூட்டை அவிழ்த்தே செத்தவர்?" என்று கேட்டாளாம். வதனா அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பிறகு வரவில்லை. இரண்டு தரம் வீடு தேடிப்போய்த் தாயோடு மட்டும் கதைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் தரம் அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"உங்களுக்கு மட்டும்தானே ரீச்சர் சொன்னனான்."

சாதாரணதரப் பரீட்சையை அவள் எழுதவேயில்லை. நான் இன்னும் பத்து வருடம் கற்பித்தேன், நல்ல பெயரும் எடுத்தேன். அந்தப் படத்தால் எடுத்த பெயரும் அதில் சேர்த்தி.

மலருக்குப் படம் கேட்டதும், இந்த முறையாவது அவளைக் கேட்டுவிட்டுக் கொடுப்போம் என்று பருத்தித்துறைக்குப் பஸ் எடுத்தேன். விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். கல்யாணம் முடித்து, கிழிந்த வலை திருத்திக் கொடுத்துப் பிழைக்கிறாள். முற்றத்து வேம்பில் வலையைக் கட்டி இழுத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

படத்தை நீட்டினேன். வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ரை முகம் தெரியேல்லைத்தானே. போடுங்கோ ரீச்சர்." பிறகு விரலால் தொட்டாள். "இது உங்கடை மணிக்கூடெல்லோ?"

"ஓம்."

"ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"இல்லை. வதனா, நான் செய்தது பெரிய பிழை."

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

குடித்தேன். அவளுடைய மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தால் வந்து, புத்தகப் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். கணிதத்துக்கு நூறு ஈர்க்குக் கொண்டுவரச் சொன்னார்களாம், அம்மா கட்டித் தந்தாவாம், இன்றைக்கு ரீச்சர் வரவில்லையாம். வலை நூலால் கட்டியிருந்தது. ஒவ்வொரு பத்துக்கும் வலை முடிச்சு, எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு முடிச்சு. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. அவிழ்க்கிற மாதிரிக் கட்டவேண்டும் பிள்ளை என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அம்மா, இது அவிழேல்லை. ரீச்சர் அவிழ்க்கச் சொன்னால் என்ன செய்யிறது?"

வதனா வலையிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்.

"மாட்டன் எண்டு சொல்லு."

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவள் "போடுங்கோ" என்றாள். அன்றைக்கு "ரீச்சர் சொன்னால் செய்யிறன்" என்ற அதே குரல். இன்னும் அவளுக்கு நான் ரீச்சர்தான். இன்னொரு முறை அதைச் சம்மதம் என்று எடுக்க என்னால் முடியாது.

ஆகவே, தம்பி, கட்டுரை இதுதான். படத்தைத் தரமாட்டேன். வளநிலையத்துச் சுவரில் இருப்பதையும் கழற்றிவிடுங்கள். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.